முகம் காணாத மனிதனை வரைந்த வைத்தியர்

1956ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 2ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. நியூயோர்க் மாநகரின் புரூக்ளின் பகுதியிலிருந்த பரமவுண்ட் படமாளிகையில் அன்று மாலை ஏறக்குறைய 1,500 பேர் அமர்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தனர். டோல்ஸ்டோயின் ‘போரும் சமாதானமும்’ என்ற பெருங்கதையைத் தழுவிய படம் அது. மணி எட்டாவதற்குச் சில நிமிடங்கள் இருக்கையில், ஆசனங்களின் நடுவே பேரோசையுடன் ஏதோ வெடித்தது. திரையில் நடந்த போர் கொட்டகைக்குள் இறங்கி வந்தாற்போல் ஆயிற்று. ஆறு பேர் காயமடைந்தனர். அவர்களுள் ஒருவருக்கு ஏற்பட்ட காயம் மிகக் கடுமையானது.

அது யார் வைத்த குண்டு என்பது பொலிஸாருக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் அந்த ஆளுக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, முகவரி இல்லை. முதற் குண்டை அவன் வைத்துப் பதினாறு ஆண்டுகள் கடந்துவிட்டன. பொலிஸார் தேடிக் களைத்ததுதான் மிச்சம். பத்திரிகைகள் அவனுக்குப் ‘பைத்தியக்காரக் குண்டுக்காரன்’ என்று பட்டம் சூட்டியிருந்தன. மறுநாளே பொலிஸ் ஆணையாளர் ஸ்டீபன் கென்னடி, நகரப் பொலிஸின் வரலாற்றிலேயே மிகப் பெரிய தேடுதலுக்கு உத்தரவிட்டார்.

கண்ணால் காணாத ஒருவனை, அவன் செய்த காரியங்களைக் கொண்டே இன்னான் என்று வரைந்து காட்ட இயலுமா? இந்தக் கேள்விக்கு விடை கூற முன்வந்த ஒரு மனநோய் வைத்தியரின் கதை இது. பலர் மறந்துவிட்ட ஒரு பெண் இலிகிதரின் கதையும் இதனுள்ளேயே இருக்கிறது.

பதினாறு ஆண்டுப் புதிர்

1940ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி, மான்ஹட்டனில் ‘கொன்சொலிடேட்டட் எடிசன்’ என்னும் மின்சாரக் கம்பனிக்குச் சொந்தமான ஒரு கட்டிடத்தின் யன்னற் படியில் மரத்தாலான சிறு கருவிப் பெட்டி ஒன்று காணப்பட்டது. உள்ளே ஒரு வெடிகுண்டு. அதனுடன், கம்பனிக்காரர் மோசக்காரர், இது அவர்களுக்கே உரியது என்ற பொருளில் கையால் எழுதிய ஒரு துண்டுக் கடிதம். குண்டு வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் கடிதமும் எரிந்து போயிருக்குமே! அப்படியானால் குண்டு வெடிப்பதை அவன் விரும்பினானா, இல்லை, கடிதத்தை யாராவது படிப்பதை விரும்பினானா? அப்பொழுதே விசாரணையாளர் சிலருக்கு இந்த ஐயம் எழுந்தது.

அடுத்த ஆண்டு செப்டெம்பரில் மற்றொரு குண்டு தெருவிலே கிடந்தது. அதுவும் வெடிக்கவில்லை. பின்னர் 1941 டிசெம்பரில் அமெரிக்கா யுத்தத்தில் குதித்தபோது, பொலிஸ் தலைமையகத்துக்கு ஒரு விசித்திரமான கடிதம் வந்தது. தேசப்பற்றின் காரணமாக யுத்தம் முடியும்வரை குண்டு வைக்கப் போவதில்லை என்றும், அதன் பின்னர் மின்சாரக் கம்பனியின் தீச்செயல்களுக்கு நீதி வழங்கப் போவதாகவும் அதில் எழுதியிருந்தது. கீழே ‘எப். பி.’ என்ற இரண்டே எழுத்துக்கள்.

அவன் சொன்ன சொல் தவறவில்லை! யுத்த காலம் முழுவதும் கடிதங்களே வந்தன, குண்டு வரவில்லை. 1950களின் தொடக்கத்தில் மீண்டும் ஆரம்பித்தான். கிராண்ட் சென்ட்ரல் புகையிரத நிலையம், பென்சில்வேனியா நிலையம், பொது நூல்நிலையம், தொலைபேசிக் கூண்டுகள், சுரங்கப் பாதை என்று அவன் தொடாத இடமில்லை. படமாளிகைகளிலே ஆசனத்தின் மெத்தையைக் கத்தியால் கீறி, அதனுள் குண்டைச் செருகிவிட்டுச் செல்வான். 1954 நவம்பரில் ரேடியோ சிற்றி மண்டபத்தில் 6,200 பேர் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவ்வாறு ஒரு குண்டு வெடித்து நால்வர் காயமுற்றனர். மெத்தை தடித்திருந்தமையால் ஓசை அமுங்கிப் போயிற்று. அருகில் இருந்தோரை அப்புறப்படுத்திவிட்டுப் படத்தைத் தொடர்ந்து காட்டினார்கள்.

மொத்தத்தில் 33 குண்டுகள் வரை அவன் வைத்தான். 22 வெடித்தன. 15 பேர் காயமுற்றனர். ஒருவரேனும் இறக்கவில்லை என்றால், அது அந்நகரத்தின் அதிர்ஷ்டமேயன்றி வேறில்லை.

வைத்தியரின் மேசையில்

கைரேகை நிபுணர், கையெழுத்து நிபுணர், வெடிமருந்து நிபுணர் எல்லாரும் முயன்று களைத்த பின், பொலிஸ் ஆய்வுகூடத்தின் தலைவரான இன்ஸ்பெக்டர் ஹவார்ட் பினி ஒரு புதிய வழியை நாடினார். நியூயோர்க் மாநில மனநலத் திணைக்களத்தில் உதவி ஆணையாளராயிருந்த டொக்டர் ஜேம்ஸ் புருசெல் என்பவரிடம் சென்று, குண்டுகளின் படங்களையும் பல ஆண்டுக் கடிதங்களின் பிரதிகளையும் அவருடைய மேசைமேல் வைத்தார்.

வைத்தியர்கள் வழக்கமாகச் செய்வது என்ன? நோயாளியை முன்னால் இருத்தி, அவன் எவ்வாறு நடப்பான் என்று ஊகிப்பார்கள். புருசெல் அதைத் தலைகீழாக மாற்றினார். நடத்தை கண்முன் இருக்கிறது. அதிலிருந்து மனிதனை ஊகிக்க வேண்டும். அடிச்சுவட்டைப் பார்த்து யானையின் பருமனைச் சொல்வது போன்ற முயற்சி இது.

முதலில் நோய் எது என்று பார்த்தார். ஒரு கம்பனி தனக்குத் தீங்கு செய்தது. தான் முற்றிலும் நியாயவான். உலகம் முழுவதும் அக்கம்பனியோடு சேர்ந்து தனக்கெதிராய் நிற்கிறது என்ற எண்ணம் கடிதந்தோறும் வளர்ந்துகொண்டே போயிற்று. ‘பரனோயா’ என்று வைத்தியர் கூறும் மனநோயின் அடையாளம் அது. இந்நோய் மெல்ல மெல்ல வளர்ந்து முப்பத்தைந்து வயதளவில் முற்றுவது வழக்கம் என்பது அவர் கொண்ட கணக்கு. 1940இலேயே குண்டு வைத்தவனுக்கு இப்பொழுது ஐம்பதை அண்டிய வயது இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே கம்பனியின் பெயரைச் சொல்லி வைதமையால், அவன் அங்கே வேலை செய்து மனத்தாங்கலோடு வெளியேறியவனாகவே இருத்தல் வேண்டும்.

எழுத்தும் எண்ணமும்

அடுத்துக் கடிதங்களின் தோற்றத்தை நோக்கினார். எழுத்துக்கள் அச்சிட்டாற்போல் நேராகவும் சுத்தமாகவும் நின்றன. அடித்தல் திருத்தல் இல்லை. குண்டுகளும் அவ்வாறே ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தன. ஆகவே அவன் எதிலும் திருத்தமுள்ளவன், நேரந் தவறாதவன், வேலை செய்த காலத்தில் குறை சொல்ல இடமில்லாத தொழிலாளியாய் இருந்திருப்பான்.

மொழியிலும் ஒரு புதுமை இருந்தது. நியூயோர்க்வாசிகள் அந்த மின்சாரக் கம்பனியைக் ‘கொன் எட்’ என்று செல்லமாகச் சுருக்கி அழைப்பார்கள். அவனோ பெயரை நீட்டி, அதற்கு முன்னால் ஒரு சுட்டுச் சொல்லும் சேர்த்து எழுதினான். பழைய நாடகங்களில் வரும் வில்லனைத் திட்டுவது போன்ற சொற்களைக் கையாண்டான். அமெரிக்கப் பேச்சு வழக்கு ஒன்றேனும் அவன் எழுத்தில் இல்லை. ஆகையால் அவன் பிறநாட்டவன், அல்லது பிறநாட்டவர் கூடி வாழும் ஊரில் வளர்ந்தவன் என்று புருசெல் தீர்மானித்தார். குண்டு வைத்துப் பகை தீர்ப்பது மத்திய ஐரோப்பாவில் கண்ட வழக்கம். எனவே அவன் சிலாவியன். சிலாவியருட் பலர் கத்தோலிக்கர், எனவே அவனும் கத்தோலிக்கன். கடிதங்கள் பலவற்றில் நகரத்துக்கு வடக்கேயுள்ள வெஸ்ட்செஸ்டர் பகுதியின் தபால் முத்திரை இருந்தது. நியூயோர்க்குக்கும் கொனெக்டிகட் மாநிலத்துக்கும் இடைப்பட்ட பகுதி அது. கொனெக்டிகட்டிலே சிலாவியர் மிகுதி. ஆகவே அவன் அங்கிருந்து வருபவன்!

இன்னுமொன்று. எல்லா எழுத்துக்களும் நேர்கோடாய் நிற்க, ஆங்கிலத்தில் ‘டபிள்யூ’ என்னும் ஒரே எழுத்து மாத்திரம் வளைந்து உருண்டு நின்றது. அதையும் மெத்தை கீறும் வழக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, தாயன்பிலிருந்து விடுபடாத உள்ளம் இது என்றார் வைத்தியர். மணம் முடித்திருக்க மாட்டான், நண்பர்கள் இல்லை, வயதில் மூத்த ஒரு பெண் உறவினரோடு வாழ்ந்து வருவான்.

இவ்வளவும் சொல்லி முடித்து, பொலிஸார் விடைபெறும் நேரத்தில், வைத்தியர் மேலும் ஒரு வார்த்தை சொன்னார் என்பது கதை. “நீங்கள் அவனைப் பிடிக்கும்போது அவன் இரட்டை வரிசைப் பொத்தான் வைத்த கோட்டு அணிந்திருப்பான். பொத்தான்கள் யாவும் பூட்டியிருக்கும்” என்ற கருத்துப்பட அவர் கூறினாராம். அந்தக் கோட்டின் கதைக்குப் பின்னர் வருவோம்.

பத்திரிகையின் அழைப்பு

மனச்சித்திரம் தயாராயிற்று. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐம்பது வயதை அண்டிய, மணமாகாத, சுத்தமாக உடுத்தும் ஆண்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் எத்தனை ஆயிரம் பேர்! ஒவ்வொரு கதவையும் தட்ட முடியுமா?

இங்கேதான் புருசெல் சொன்ன மற்றொரு யோசனை பெரும்பயன் விளைத்தது. இச்சித்திரத்தை மறைத்து வைக்காதீர்கள், பத்திரிகையில் வெளியிடுங்கள், தன்னைப் பற்றித் தவறாக எழுதினால் அவனால் பொறுக்க முடியாது, திருத்துவதற்காகவேனும் வாய் திறப்பான் என்றார் அவர். நத்தார் தினமாகிய டிசெம்பர் 25ஆம் திகதி ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகை அதன் சுருக்கத்தை வெளியிட்டது. மறுநாள் ‘ஜேர்னல் அமெரிக்கன்’ என்ற மாலைப் பத்திரிகை, பொலிஸாரோடு கலந்துகொண்டு, குண்டுக்காரனுக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியது. சரணடையும்படியும், அவனுக்கு நேர்மையான விசாரணை கிடைக்கும் என்றும், அவனுடைய குறைகளைத் தனது பத்திகளில் வெளியிடுவதாகவும் அது வாக்களித்தது.

பதினாறு ஆண்டுகளாக எவரும் அவனிடம் ‘உனக்கு என்ன குறை?’ என்று கேட்டதில்லை. இப்பொழுது ஒரு பத்திரிகை கேட்டது. உடனே பதில் வந்தது. ஜனவரி 10ஆம் திகதி அது அச்சாயிற்று. மேலும் விபரம் வேண்டுமென்று பத்திரிகை கேட்டது. இரண்டாவது கடிதம் வந்தது. கம்பனியின் ஆலையில் வேலை செய்கையில் காயப்பட்டதாகவும், முற்றாகவும் நிரந்தரமாகவும் அங்கவீனனாகிவிட்டதாகவும், நட்டஈடு மறுக்கப்பட்டதாகவும் அதில் எழுதியிருந்தான். ஒரு மோட்டார் வண்டி நாயை மோதினாலும் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, தொழிலாளிக்கு அந்த நாயின் மதிப்புக்கூட இல்லையே என்று அவன் புலம்பியிருந்தான்.

சனிக்கிழமை, ஜனவரி 19ஆம் திகதி வந்த மூன்றாவது கடிதத்தில் விபத்து நடந்த நாளையே குறிப்பிட்டுவிட்டான்: 1931 செப்டெம்பர் 5. ஆனால் அதற்கு முதல் நாளே வேறோரிடத்தில் காரியம் நடந்தேறியிருந்தது.

கோவையில் கிடந்த குரல்

மின்சாரக் கம்பனியின் காரியாலயத்தில் ஆலிஸ் கெலி என்ற பெண் இலிகிதர் சில நாட்களாகப் பழைய நட்டஈட்டுக் கோவைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பல சிறு கம்பனிகள் ஒன்றுசேர்ந்து உருவானது அப்பெருங் கம்பனி. ஆகையால் மறைந்துபோன கம்பனிகளின் பத்திரங்களும் அங்கே குவிந்து கிடந்தன. தூசி படிந்த அந்தக் கோவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடுமையாக நோயுற்ற தொழிலாளர் எவரேனும் பகைமை காட்டியதுண்டா என்று வாசிப்பதே அவருடைய வேலை.

ஜனவரி 18ஆம் திகதி வெள்ளிக்கிழமை, ‘தொந்தரவானவை’ என்று ஒதுக்கப்பட்டிருந்த கோவைகளின் கடைசிக் கட்டு அவர் கைக்கு வந்தது. அதிலே ஒன்றில் ‘அநீதி’, ‘நிரந்தர அங்கவீனம்’ என்ற சொற்கள் சிவப்பு மையினாற் குறிக்கப்பட்டிருந்தன. எங்கோ படித்த சொற்கள்! அண்மையிலே பத்திரிகையில் வெளியான குண்டுக்காரனின் கடிதத்தில் வந்த சொற்களல்லவா? மேலும் படித்தார். கம்பனிக்கு எழுதப்பட்ட பழைய கடிதங்களில் அதே நடை, அதே பழங்கால வசைச்சொற்கள். எழுதியவர் பெயர் ஜோர்ஜ் மெட்டெஸ்கி. 1929 முதல் 1931 வரை வேலை செய்தவர். ஊர், கொனெக்டிகட் மாநிலத்து வோட்டர்பரி.

பொலிஸாருக்கு அறிவிக்கப்பட்டது. ஆயிரம் துப்புக்களுள் இதுவும் ஒன்று என்றே அவர்கள் முதலில் எண்ணினார்கள். எனினும் வோட்டர்பரிப் பொலிஸாரிடம், சந்தடியின்றி விசாரித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள்.

நள்ளிரவில் திறந்த கதவு

1957 ஜனவரி 21ஆம் திகதி, நள்ளிரவு நெருங்கும் வேளை. வோட்டர்பரியில் ஒரு வீட்டின் கதவைப் பொலிஸார் தட்டினர். உறங்கும் உடையோடு கதவைத் திறந்தான் ஓர் ஐம்பத்து மூன்று வயது மனிதன். சாந்தமான முகம், வட்டக் கண்ணாடி, மரியாதையான பேச்சு. மணமாகாத இரு மூத்த சகோதரிகளோடு அவன் வாழ்ந்து வந்தான். கையெழுத்து மாதிரி கேட்டார்கள், எழுதிக் கொடுத்தான். ‘எப். பி.’ என்றால் என்ன என்று கேட்டார்கள். ‘பெயார் பிளே’ என்றான். நேர்மையான நடத்தை என்பது அதன் பொருள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் அவனுடைய பட்டறை இருந்தது. எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. உடை மாற்றிக்கொண்டு வரும்படி பொலிஸார் கூறினர். உள்ளே சென்று திரும்பியவன் அணிந்திருந்தது இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டு. பொத்தான்கள் பூட்டியிருந்தன!

அவனுடைய வரலாறும் வெளிவந்தது. லித்துவேனியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். அமெரிக்கக் கடற்படைத் துருப்பில் சேர்ந்து சீனாவிலே மின்சார வேலை செய்தவன். பின்னர் ‘ஹெல் கேட்’ மின்னாலையில் தொழிலாளியானான். 1931இல் ஒரு கொதிகலன் பின்வாங்கி வெடித்து, சூடான நச்சுப் புகை அவன் சுவாசப்பைக்குள் புகுந்தது. குளிர்ந்த சீமெந்துத் தரையிலே கவனிப்பாரின்றிப் பல மணி நேரம் கிடந்ததாக அவன் கூறினான். 26 வாரங்கள் நோய்க்காலப் பணம் கிடைத்தது. அதன்பின் வேலை போயிற்று. நியுமோனியா, பிறகு கசநோய் என்று உடல் நலிந்தது. நட்டஈட்டு விண்ணப்பத்தைக் காலந்தாழ்த்திக் கொடுத்தான் என்று தள்ளிவிட்டார்கள். மூன்று முறை மேன்முறையீடு செய்தான். 1936இல் கடைசி முறையும் தோல்வி. மேயருக்கும் பொலிஸ் ஆணையாளருக்கும் பத்திரிகைகளுக்கும் 900 கடிதங்கள் எழுதியும் ஒரு தபாலட்டையேனும் பதிலாக வரவில்லை என்று அவன் பின்னர் முறையிட்டான்.

விசாரணைக்கு நிற்கும் மனநிலை அவனுக்கில்லை என்று தீர்மானித்த நீதிமன்றம், 1957 ஏப்ரிலில் அவனை மத்தேயவான் மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. சில வாரங்களில் இறந்துவிடுவான் என்று கருதப்பட்ட அம்மனிதன் 1973 டிசெம்பரில் விடுதலை பெற்று, வோட்டர்பரிக்கே திரும்பி, 1994ஆம் ஆண்டில் தனது தொண்ணூறாவது வயதில் காலமானான்.

பலித்ததும் பலியாததும்

கோட்டின் கதை உலகெங்கும் பரவியது. முகம் காணாத மனிதனை வைத்தியர் கண்ணாடியிற் காட்டிவிட்டார் என்று எல்லாரும் வியந்தனர். ஆனால் வியப்பு அடங்கிய பின் சற்று ஆற அமர இருந்து எண்ணிப் பார்ப்பது மாணவருக்கு அழகு.

1956இன் நத்தார் தினத்தன்று பத்திரிகையில் வெளியான சுருக்கம் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. அதில் பல செய்திகள் பொருந்தின. தனியன், திருத்தமுள்ளவன், கைவேலையிற் சமர்த்தன், மதப்பற்றுடையவன், மின்சாரக் கம்பனியில் வேலை செய்தவன் என்பன சரியே. ஆனால் வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் என்று அது கூறியது. அவனுக்கு வயது ஐம்பத்து மூன்று. படைக்கல வெடிமருந்தில் நிபுணன் என்றது. அவன் அத்தகைய நிபுணன் அல்லன். புகழ்பெற்ற அந்தக் கோட்டோ அச்சுருக்கத்தில் இல்லவே இல்லை! அதை விரிவாகச் சொல்வது, புருசெல் 1968இல் வெளியிட்ட தமது நினைவு நூலே. அந்நாளில் நடுத்தர வயது கடந்த, ஒழுங்காக உடுக்கும் ஆண்கள் பலர் அத்தகைய கோட்டு வைத்திருந்தனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. மேலும் லித்துவேனியர் சிலாவியர் அல்லர், பால்டிக் இனத்தவர். விடை சரியான திசையிற் போய் விழுந்தது, வழிக்கணக்கோ பிழை.

சோதிடர் பத்துச் சொல்லி மூன்று பலித்தால், அந்த மூன்றையே ஊர் முழுவதும் பேசுகிறோம். எஞ்சிய ஏழும் எங்கே போயின என்று கேட்பவர் இல்லை. மனச்சித்திரத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. குற்றவாளி அகப்பட்ட பின்னர், பொருந்தியவை ஒளி பெறுகின்றன. பொருந்தாதவை இருளில் மறைகின்றன.

அதற்கு முன்னும் பின்னும்

இத்தகைய முயற்சிக்குப் புருசெலே முதல்வர் என்று சொல்ல இயலாது. 1888ஆம் ஆண்டு நவம்பரில், லண்டனின் கிழக்குப் பகுதியில் பெண்களைக் கொன்று நடுங்க வைத்த கொலையாளியைப் பற்றி, பொலிஸ் சத்திரவைத்தியர் தோமஸ் பொண்ட் ஓர் அறிக்கை எழுதினார். பலசாலி, நிதானமுள்ளவன், நடுத்தர வயதினன், சுத்தமாக உடுத்து அமைதியாகத் தோன்றுபவன், தனிமை விரும்பி என்று அவர் ஊகித்தார். அந்தச் சித்திரம் சரியா, பிழையா? எவராலும் கூற முடியாது. ஏனெனில் அக்கொலையாளி இறுதிவரை அகப்படவேயில்லை.

புருசெலின் புகழ் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுப் பிரிவினரையும் ஈர்த்தது. அவர்கள் 1972இல் குவாண்டிகோ என்னுமிடத்தில் நடத்தையியற் பிரிவொன்றை ஆரம்பித்தனர். அதன் முன்னோடிகளுள் ஒருவரான ஹவார்ட் டெட்டன், புருசெலிடம் நேரிற் சென்று யோசனை பெற்றவர். பின்னர் அப்பிரிவினர் சிறையிலிருந்த 36 குற்றவாளிகளைப் பேட்டி கண்டு, ஊகத்துக்கு ஓர் அடித்தளம் இட முயன்றனர். இன்றும் பல நாடுகளின் பொலிஸார், தேடும் வட்டத்தைச் சுருக்குவதற்கு இம்முறையைத் துணையாகக் கொள்கின்றனர்.

ஆனால் துணை தலைவனாகிவிட்டால் விளைவது என்ன? 1992இல் லண்டன் விம்பிள்டன் வெளியில் ஓர் இளந்தாய் கொல்லப்பட்டார். மனோதத்துவ நிபுணர் ஒருவர் கொலையாளியின் சித்திரத்தை வரைந்து கொடுத்தார். அருகே தனித்து வாழ்ந்த ஒரு மனிதர் அச்சித்திரத்துக்குப் பொருந்துவதாகப் பொலிஸார் எண்ணினர். மாறுவேடப் பெண் பொலிஸ் ஒருவரை அவரோடு பல மாதங்கள் பழகச் செய்து, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்க முயன்றனர். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆயினும் சிறையிலடைத்தனர். 1994இல் நீதிபதி அவ்வழக்கை வன்மையாகக் கண்டித்துத் தள்ளினார். 2008ஆம் ஆண்டிலேதான் உண்மைக் கொலையாளி குற்றத்தை ஏற்றுக்கொண்டான். இடையில் நடந்ததுதான் கொடுமை. நிரபராதியைப் பொலிஸார் துரத்திக்கொண்டிருக்கையில், வெளியே உலாவிய உண்மைக் கொலையாளி 1993இல் மற்றுமொரு தாயையும் அவளுடைய சிறு மகளையும் கொன்றுவிட்டான்.

சித்திரம் பலருக்குப் பொருந்தும். சான்று ஒருவனுக்கே பொருந்தும். இந்த வேற்றுமையை மறந்தால், அறிவென்று எண்ணிக் கையிலெடுத்தது அநீதிக்குக் கருவியாகிவிடும்.

கதவைத் திறந்தவர் யார்?

குண்டுக்காரனைக் கண்டுபிடித்தவர் யார்? வைத்தியர் என்று நூல்கள் கூறுகின்றன. அவர் கூறிய யோசனை அவனைப் பேச வைத்தது. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. பத்திரிகையின் பகிரங்கக் கடிதத்துக்கும் பங்கு உண்டு. ஆயினும் பெயரையும் முகவரியையும் எடுத்துத் தந்தவர், கட்டுக்கட்டாகக் கிடந்த பழைய தாள்களைச் சலிப்பின்றிப் படித்த ஆலிஸ் கெலியே. அறிவிக்கப்பட்டிருந்த பரிசுத் தொகை 26,000 டொலர். தாம் செய்தது தம் கடமை என்று கூறி, அதைக் கோர மறுத்துவிட்டார் அவர்.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1956 பெப்ரவரியில் பென்சில்வேனியா நிலையத்துக் கழிப்பறையில் வெடித்த குண்டினால் மிகக் கடுமையாகக் காயமுற்றவர், அங்கே சுத்தம் செய்யும் 74 வயதுப் பணியாளர் ஒருவர். வேலைத்தலத்திலே காயப்பட்ட ஒரு தொழிலாளிக்காக நியாயம் கேட்கப் புறப்பட்டவன், வேலைத்தலத்திலே மற்றொரு ஏழைத் தொழிலாளியை வீழ்த்தினான்! கம்பனியின் பெரியவர் ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை. நேர்மையான நடத்தை என்று கையெழுத்திட்டவன் அந்த முதியவருக்குக் காட்டிய நேர்மை அதுதான். அவனுடைய துயரம் உண்மை. அவன் செய்த காரியம் கொடுமை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க முடியாது.

ஆயினும், முகம் காணாத அம்மனிதனைத் தேடி நகரம் முழுவதும் அலைந்த ஆண்டுகளில், அவனுடைய பெயரும் ஊரும் சொந்தக் கையெழுத்தும் அந்தக் கம்பனியின் அலுமாரியிலேயே உறங்கிக் கிடந்தன. ‘அநீதி’ என்ற சொல்லைச் சிவப்பு மையினாற் குறித்துவிட்டு, கோவையை யாரோ மூடி வைத்துவிட்டார்கள். அன்று மூடாமல் படித்து, ஒரு தபாலட்டையிலாவது பதில் எழுதியிருந்தால், அவன் குண்டு செய்யாமல் இருந்திருப்பானா? அதை இன்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மேசைமேல் வந்து சேரும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் பின்னாலும் ஒரு மனிதன் காத்திருக்கிறான் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அவனுடைய மனத்தை அறிவதற்குப் பெரிய மனோதத்துவ நிபுணர் வேண்டியதில்லை. அவன் எழுதியதை ஒருமுறை முழுவதாகப் படித்தாலே போதும்.